ஆம்பளைக்கும் ஏக்கம் பிடிக்கும்

எர்ஃபுர்ட், ஜெர்மனி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். குளிர் இன்னும் தொடங்கவே இல்லை என்கிறார்கள் இங்குள்ளவர்கள். எனக்கு இப்போதே மார்கழி. நீங்கள், கனிமொழி, மாமா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

தினமும் வீடியோவில் முகத்தைப் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். முகத்தைப் பார்க்கிறேன், பேச்சைத்தான் காணோம். "சாப்ட்டியா, வேலைக்குக் கிளம்பிட்டியா, இந்தா கனிகிட்ட பேசு" என்று போனை மகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். நான் தஞ்சாவூரில் நர்சிங் படித்தபோது விடுதியில் போன் கூடாது என்றார்கள். அப்போது ஒரகடம் கம்பெனியிலிருந்து பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். கேன்டீன் சாம்பாரைப் பற்றியே ஒரு முழுக் கடிதம் வந்தது. அந்த ஆளோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

இந்த முதியோர் இல்லத்தில் எனக்குத் துணையாக யோனாஸ் என்று ஒருவன் வேலை செய்கிறான். கதவை அடைக்கிற உயரம், கையெல்லாம் பச்சை குத்தியிருக்கிறான். பிள்ளை பிறந்தபோது மாதக்கணக்கில் லீவு போட்டு வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டானாம். என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, மகளையும் நிலத்தையும் பார்த்துக்கொள்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்படியா" என்றதோடு சரி. இவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நம் ஊருக்கு எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

கையால் எழுதுங்கள். காத்திருப்பேன்.

உங்கள் தாமரை

*

நடுப்படுகை, மன்னார்குடி வழி
29 செப்டம்பர் 2024

அன்புள்ள தாமரைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கால் வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. உன் கடிதத்தைக் கனி எழுத்துக்கூட்டிப் படித்தாள். சாம்பார் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்த வருஷம் மேட்டூர் திறந்ததே தாமதம். வாய்க்காலில் தண்ணீர் எட்டிப்பார்க்க ஆவணி ஆகிவிட்டது. பத்து மா நிலத்திலும் சம்பாதான். நாற்று நன்றாக வந்திருக்கிறது, அடுத்த வாரம் நடவு. அப்பா காலையிலேயே மண்வெட்டியோடு போய் மடையில் நிற்கிறார். இந்த நிலம் கைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ.

கனி இரண்டாம் வகுப்பில் ஒழுங்காகப் படிக்கிறாள். அவளுக்கு ரெட்டைச் சடை போடக் கற்றுக்கொண்டேன். ஒன்று மேலே ஒன்று கீழேதான் வருகிறது. அவள் டீச்சர் "யாரு பின்னிவிட்டா" என்று கேட்டார்களாம். டீக்கடையில் அமிர்தலிங்கம், "வளவா, சமையல் ஆச்சா, துணி காஞ்சுதா" என்று தினமும் விசாரிக்கிறார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இப்போது டீ வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேன், அதுதான் வசதி.

எனக்கென்ன, நான் நன்றாக இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. சம்பளம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ரொட்டியை மட்டும் தின்றுகொண்டிருக்காதே.

இப்படிக்கு
வளவன்

*

எர்ஃபுர்ட்
20 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போகும் பையிலேயே வைத்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் ஓயாமல் ஒழுகுகிறது. அங்கே மழை தொடங்கிவிட்டதா? கனியை நனைய விடாதீர்கள்.

மச்சான், கடிதத்தில் நாற்று எப்படி இருக்கிறது என்று தெரிகிறது, மாமா எங்கே நிற்கிறார் என்று தெரிகிறது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் இல்லை. "எனக்கென்ன" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன வாரம் காலைக் கூட்டத்தில் யோனாஸ் எழுந்து, மனச்சோர்வு மறுபடி வந்திருக்கிறது, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார், சில வாரம் வர மாட்டேன் என்றான். கால் சுளுக்கிக்கொண்டது என்று சொல்வது போலச் சொன்னான். தலைமை நர்ஸ் சரி என்று அவன் ஷிப்டுகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு ஆண், அதுவும் அவ்வளவு பெரிய உடம்பு, எல்லார் முன்னாலும் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இந்த ஊரில் எல்லாரும் அப்படி என்றும் நினைக்காதீர்கள். என் பொறுப்பில் க்ரூகர் என்று ஒரு தாத்தா இருக்கிறார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பெண்சாதி இறந்துவிட்டாள். நான் சவரம் செய்துவிடும்போது கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டும். கண்ணில் நீர் வடிகிற வியாதி, சொட்டு மருந்து போடு என்பார். நானும் போடுவேன். ஒன்றும் கேட்க மாட்டேன். அவருக்குத் தேவை அதுதான் போலிருக்கிறது.

நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா? இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

உங்கள் தாமரை

*

எர்ஃபுர்ட்
1 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்தான், ஆனால் மனம் அங்கேயே கிடக்கிறது. டெல்டாவில் புயல் மழை, பயிர் மூழ்கியது என்று செய்தியில் காட்டினார்கள். நம் வயல் என்ன ஆயிற்று? மாமாவிடம் கேட்டால் "வடிஞ்சிடும்மா" என்கிறார். நீங்கள் போனுக்கே வருவதில்லை. நேற்றுக் கனி போனை எடுத்தாள். திரையில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. அப்பா எங்கே என்றேன். "படுத்திருக்காரும்மா, அப்பா எப்பவும் படுத்துதான் இருக்காரு" என்றாள்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே பொழுது பிற்பகலிலேயே சாய்ந்துவிடுகிறது. வேலை முடிந்து டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவரின் ஈரச் சட்டை வாசத்தில் உங்களை நினைத்துக்கொண்டேன். வயலிலிருந்து வந்து, கழுவிய கையை என் புடவையில் துடைப்பீர்களே, நான் திட்டுவேனே. அந்தத் திட்டு வாயிலேயே நிற்கிறது.

ஒரு வரி எழுதுங்கள். போதும்.

தாமரை

*

நடுப்படுகை
15 டிசம்பர் 2024

தாமரைக்கு,

நலம். உன் இரண்டு கடிதமும் வந்தன. வயலில் தண்ணீர் நின்றது, வடிந்துவிட்டது. தாழ்வான பக்கம் கொஞ்சம் அழுகிவிட்டது. கனிக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. அம்மா சமைக்கிறாள்.

அந்த யோனாஸ் வேலைக்குத் திரும்பிவிட்டானா?

வளவன்

*

நடுப்படுகை
16 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் செந்தாமரைக்கு உன் மாமன் வைரக்கண்ணு எழுதுவது.

இங்கு எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் உடம்புக்கு எப்படி? எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கோணலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படி.

வளவனுக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னேன். காய்ச்சல் இல்லையம்மா. சொல்ல வாய் வரவில்லை.

தை கடைசியில் அறுப்பு வைத்தோம். மிஷின் வயலில் இறங்கிவிட்டது. எந்தப் பக்கமிருந்து அறுப்பது என்று டிரைவர் கேட்டான். வளவன் வரப்பில் உட்கார்ந்தான். பிறகு எழவில்லை. சத்தம் இல்லாமல் அழுதான், தோள் மட்டும் குலுங்கியது. சுற்றி வயல்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். ஒருத்தன், "பொண்டாட்டி நெனப்பு வந்துடுச்சு போல" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் போய், "எழுந்திருடா, ஆம்பளைதானா நீ" என்று கேட்டேன்.

எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். அன்று சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் போன் வீட்டிலேயே கிடந்தது. பாமணியாற்றுப் பாலத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஆற்றங்கரையோடு வெகுதூரம் நடந்தேன். எதைத் தேடி நடந்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன்.

அப்புறம் கூத்தாநல்லூரிலிருந்து மீரா உசேன் போன் செய்தான். வளவனோடு பாலிடெக்னிக்கில் படித்த பையன், செல்போன் கடை வைத்திருக்கிறானே அவன். வளவன் அவன் வீட்டில் இருந்தான். நான் போனபோது படுத்திருந்தான், என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மீரா உசேன் என்னைக் கடைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தான்.

"நானும் சவுதியில இருந்து இப்படித்தாங்கப்பா வந்தேன். இன்னிக்கு வரைக்கும் மாத்திரை சாப்பிடுறேன். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு ஆளுங்க வெளிநாட்டுல. போன ஆம்பளை ஏங்குவான்னு எல்லாருக்கும் தெரியும். வீட்ல இருக்கிற பொம்பளை ஏங்குவாங்கன்னும் தெரியும். வீட்ல இருக்கிற ஆம்பளை ஏங்குவான்னு யாரும் நெனைக்கிறதே இல்ல" என்றான். பிறகு, "பாலத்துல நின்னவன் இங்க வந்தான் பாருங்க, அது பெரிய விஷயம்" என்றான்.

தாமரை, என் அப்பனைச் சாகிற வயதிலும் பண்ணைவீட்டுச் சின்னப்பையன்கள் டேய் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆம்பளை என்ற சொல் எங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. கும்பிடாமல் நிமிர்ந்து நின்று கூலி கேட்டு வாங்கிய சொல். அந்தப் பண்ணைகளின் வயலுக்கு நடுவே நம் வயலில் நம் பிள்ளை உட்கார்ந்து அழுதபோது, வாங்கியதெல்லாம் போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

உன் அத்தை ரெங்கம்மாள் கார்த்திகையிலிருந்தே, "புள்ளைக்கு ஏக்கம் புடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் ஊருக்குப் போய்விட்டால் பால்குடிப் பிள்ளைக்கு வருமே, சோறு இறங்காமல் சோர்ந்து கிடக்குமே, அது. முப்பத்தஞ்சு வயசுக்காரனுக்கு ஏது ஏக்கம் என்று நான் அதட்டினேன். "ஆம்பளைக்கும் ஏக்கம் புடிக்கும். ஒங்களுக்குத்தான் தெரியாது" என்றாள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போகிறேன். அவன் எழுதுவான். எழுதும்வரை நீ எழுதிக்கொண்டிரு.

வைரக்கண்ணு

*

எர்ஃபுர்ட்
5 மார்ச் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்பு எப்படி, சாப்பாடு இறங்குகிறதா என்றெல்லாம் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்து வெகுநேரமாகிவிட்டது.

மாமா எழுதியிருந்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கையெழுத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

யோனாஸ் திரும்பிவிட்டான், மச்சான். நீங்கள் அன்று கேட்டது அவனைப் பற்றி இல்லை என்று இப்போது தெரிகிறது. அவனிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். உங்கள் அனுமதி இல்லாமல்தான். அவன் அப்பா விவசாயி. மகன் இந்த வியாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாளிலிருந்து அவனோடு பேசுவதில்லையாம். "உன் மாமனாரும் கூடவே போனாரா" என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இங்கே சட்டம் லீவு தருகிறது, டாக்டர் மாத்திரை தருகிறார், அப்பா தருவதைத்தான் யாராலும் வாங்கித்தர முடியவில்லை.

நான் எவ்வளவோ பேருக்கு மருந்து கொடுக்கிறேன். உங்கள் நெற்றியில் கை வைக்க என்னால் முடியவில்லை. வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடவா? ஒரு வார்த்தை சொல்லுங்கள், வருகிறேன். வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

உங்களிடம் வர முடியாமல் இருக்கும்
தாமரை

*

நடுப்படுகை
30 மார்ச் 2025

அன்புள்ள தாமரைக்கு,

இன்று கொஞ்சம் தேவலை. அதனால் எழுத உட்கார்ந்தேன். கனி நலம், அவளுக்குப் பல் விழுந்துவிட்டது. உனக்கு எப்படி இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் வருகிற நாளில் கூட்டம் அதிகம். அப்பாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நம் தெரு ஆள் ஒருவர் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு, இங்கே யாருக்கு என்று கேட்டார். அப்பா உடனே, "எனக்குத்தான். தூக்கம் வரல" என்றார். தன் வாழ்நாளில் தலைவலி என்றுகூடச் சொல்லாத மனுஷன். எனக்கு அன்று மறுத்துச் சொல்லத் தெம்பில்லை. அடுத்த தடவை அதே ஆள் கேட்டபோது எனக்கு என்று நானே சொன்னேன். அவர் தன் தம்பிக்கும் இப்படி இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எந்தக் கிழமை டாக்டர் வருவார் என்று விசாரித்தார்.

டாக்டர் ஒரு பெண், நம் வயதுதான் இருக்கும். என்ன செய்கிறது என்றார். நெஞ்சின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கியது போல இருக்கிறது, சோறு மண் மாதிரி இருக்கிறது, காலைத் தூக்கி வைக்க முடியவில்லை என்றேன். இருதய டாக்டரிடம் அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டு, "இங்க வர்ற ஆம்பளைங்க யாரும் மனசுன்னு சொல்ல மாட்டாங்க. நெஞ்சு, வயிறு, கைகால்னுதான் சொல்வாங்க. எனக்குப் புரியும், சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. பாலத்தைப் பற்றியும் சொன்னேன். உன்னிடமும் ஒருநாள் சொல்வேன், இந்தக் கடிதத்தில் இல்லை.

வெளியே வந்ததும் அப்பா, "பசிக்குதா" என்று கேட்டார். ஓட்டலில் தன் இலையிலிருந்து வடையை எடுத்து என் இலையில் வைத்தார். மாத்திரை ஆரம்பத்தில் தலையைச் சுற்றியது, இப்போது பழகிவிட்டது. நெல் அறுத்த வயலில் போட்ட உளுந்தை அப்பாவே பார்க்கிறார்.

வந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். வராதே, நான் சமாளிப்பேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். உடனே வா என்று ஒன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். நீ எவ்வளவு ஆசைப்பட்டு அந்த மொழியைப் படித்தாய் என்று எனக்குத் தெரியும். உன்னை வரச்சொன்னால் நான் எழுந்துவிடுவேன், நீ உட்கார்ந்துவிடுவாய். அது வேண்டாம். ஆனால் லீவு கிடைக்கிற முதல் நாளில் வா. இதை வெட்கப்படாமல்தான் எழுதுகிறேன்.

வளவன்

*

எர்ஃபுர்ட்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் நலம். இப்போது நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை நர்ஸாகச் சொல்கிறேன்.

லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன். ஜூலை முதல் வாரம் வந்து மூன்று வாரம் இருப்பேன். அதன் பிறகு நீங்களும் கனியும் இங்கே வருவதா, நான் ஒப்பந்தம் முடிந்து அங்கே வருவதா என்பதை நேரில் பேசலாம். உங்களால் அந்த நிலத்தை விட்டு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைப் போனில் முடிவு செய்ய வேண்டாம்.

க்ரூகர் தாத்தா போன வாரம் இறந்துபோனார். அவர் மகள் ஹாம்பர்க்கிலிருந்து வந்து பெட்டியை அடுக்கினாள். போகும்போது என்னிடம், அப்பா எப்போதாவது அம்மாவைப் பற்றிப் பேசினாரா என்று கேட்டாள். அவளிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லையாம். தினமும் அழுதார் என்று நான் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி நன்றி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போதிருந்து உங்கள் நினைவாகவே இருக்கிறது. என்னிடம் பேச வேண்டியதை நான் யாரோ ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிடாதீர்கள்.

உங்கள் தாமரை

*

நடுப்படுகை
29 ஜூன் 2025

என் தாமரைக்கு,

சுகமாக வந்து சேர்வாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு நேரத்துக்குக் கிடைக்காது. நீ இங்கே வந்து இறங்கிய பிறகுதான் உன் வீட்டுத் தபால் பெட்டிக்குப் போய்ச் சேரும். தெரிந்துதான் அனுப்புகிறேன். நீ லீவு முடிந்து திரும்பிப் போகும்போது அறை பூட்டிக் கிடந்த வாசத்தோடு இருக்கும். பெட்டியைக்கூடப் பிரிக்கத் தோன்றாது. அப்போது இது உன் கையில் இருக்கட்டும்.

நேரில் உன்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. வந்த அன்றைக்கே குறுவை நாற்றைப் பற்றித்தான் பேசியிருப்பேன். இந்த வருஷம் ஜூனிலேயே தண்ணீர் வந்துவிட்டது, பச்சென்று நிற்கிறது, உன்னை வயலுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன். பாலத்தைப் பற்றிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் இங்கே சொல்கிறேன். அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். தண்ணீர் குறைவாக இருந்தது. கூத்தாநல்லூர் பஸ் வந்து பக்கத்தில் நின்றது, கண்டக்டர் ஏறுறீங்களா என்று கேட்டார். ஏறிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கண்டக்டர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

நான் முழுசாகக் குணமாகிவிட்டேன் என்று நீ பார்க்கிற எல்லாரும் சொல்லியிருப்பார்கள். பாதி நிஜம். சில காலையில் இன்னும் எழ முடிவதில்லை. அப்போது அம்மாவிடம் முடியல என்று சொல்லிவிடுகிறேன். அவள் சரி படு என்கிறாள். டீக்கடைக்குப் போகிறேன். அமிர்தலிங்கம் இப்போது கேலி செய்வதில்லை, என்ன பேசுவது என்று தெரியாமல் நாற்காலியை நகர்த்திப் போடுகிறார். கேலியே தேவலை என்று சில நாள் தோன்றும்.

இன்னொன்று. திருச்சி விமான நிலையத்தில் நான் உன்னை வழியனுப்பும்போது அழுதிருப்பேன். இப்போது எழுதும்போதே தெரிகிறது. கனி அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீ அழுதாலும் பார்க்க மாட்டார்கள். என்னைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அப்பாவும் வருவேன் என்கிறார். அவர் என் பக்கத்தில் நின்றாரா, தள்ளிப்போய் நின்றாரா என்று எனக்கு இப்போது தெரியாது. நீ திரும்பிப் பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

நாம் என்ன முடிவு செய்தோம் என்பதும் எனக்கு இன்று தெரியாது. நீ அங்கே, நான் இங்கே என்று இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று முடிவு செய்திருந்தால், நான் அதற்குத் தலையாட்டியிருப்பேன். தலையாட்டியதும் நிஜம். இதுவும் நிஜம்: எனக்கு உன்னைத் தேடுகிறது. நீ இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது, மறுபடியும் தேட ஆரம்பித்திருக்கும்.

உன்
வளவன்